சுமை தூக்குவோரின் குறுக்கு வலியும் குடியானவர்கள் செய்யத்தக்கதும்

மார்கழி பிறந்தது முதல் பங்குனி கழியும் வரையில் சேலம், நாமக்கல் சமவெளிகளில் களங்களுக்கு ஓய்வில்லை. மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளை நோக்கிச் செல்கின்றது. மஞ்சள் நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்திற்கும் போகின்றது. கரும்பு மோகனூர் கூட்டுறவு ஆலைக்கும், வெல்லம் பிலிக்கல்பாளையம் மண்டிக்கும், வாழைத்தார் பரமத்திவேலூருக்கும் போய்ச் சேருகின்றன. வயலிலிருந்து களத்திற்கும், களத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து மறுபடியும் லாரிக்குமாக ஒரே சரக்கு நான்கு ஐந்து தடவை இறங்கி ஏறுகின்றது. ஒவ்வொரு தடவையும் ஒருவர் குனிந்து, பிடித்து, நிமிர்ந்து, சுமந்து, இறக்க வேண்டியிருக்கின்றது. உழவுக்கு டிராக்டரும் நீர் இறைக்க மின்சாரப் பம்பும் வந்துவிட்டன. மூட்டை மட்டும் பெரும்பாலான இடங்களில் இன்னமும் மனித முதுகின் மீதே ஏறுகின்றது.

விதை, எரு, பூச்சி, விலை இவைகளைப் பற்றி இப்பத்திரிகையில் மாதந்தோறும் எழுதப்பட்டு வருகின்றது. விளைந்ததைச் சுமக்கும் முதுகைப் பற்றி எழுதப்பட்டது சொற்பமே. இது வைத்தியர்களுடைய விஷயம், விவசாய இலாகாவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். கூலி ஆள் கிடைப்பதில்லை என்ற முறையீடு எந்தக் கிராமத்திற்குச் சென்றாலும் முதலில் காதில் விழுவதாக இருக்கின்றது. இளைஞர்கள் பள்ளிபாளையம் தறிகளுக்கும், நாமக்கல் லாரிகளுக்கும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கும் போய்விடுகிறார்கள் என்பது உண்மையே. ஆனால் ஊரிலேயே தங்கியிருந்து வேலை செய்யத் தெரிந்தவர்களிலும், நாற்பது நாற்பத்தைந்து வயதிலேயே குனிய முடியாமல் திண்ணையில் அமர்ந்துவிடுகிறவர்கள் உளர். இருபது வருஷம் மூட்டை தூக்கிப் பழகிய கை லேசில் கிடைப்பதன்று. அந்த ஆளை இழப்பது அவர் குடும்பத்திற்கு நஷ்டம், நிலச்சுவான்தாருக்கும் நஷ்டம். ஆகையால் இது விவசாய விஷயமேயாகும்.

பாரத்தின் கணக்கு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. சிறு சிறு முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற ஒரு தட்டு இருக்கின்றது. அதன் நடுவில் கூழ் போன்ற பொருளும், அதைச் சுற்றிப் பிரிமணை சுற்றினாற்போல் உறுதியான நார் வளையங்களும் உள்ளன. இடுப்புப் பாகத்தில் ஐந்து எலும்புகள் இருக்கின்றன. நம்மவர்கள் 'குறுக்கு' என்று சொல்லும் இடம் இதுவே. இவற்றுள் அடியிலுள்ள இரண்டு தட்டுகளே மிகுதியும் கெடுகின்றன. மேலேயுள்ள பாரம் முழுவதும் அங்கே இறங்குவதும், குனியும்போது மடங்குவது பெரும்பாலும் அவ்விடமே என்பதும் இதற்குக் காரணமாகும்.

முற்காலத்து ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்குவது எளிது. நிலைக்காலிலிருந்து நீண்ட பக்கத்தில் சிறு சால் தொங்கினாலும், குட்டையான பக்கத்தில் பெரிய பாரம் இருந்தால்தான் அது சமமாக நிற்கும். குனிந்து மூட்டையை எடுக்கும் மனிதனின் சரீரமும் ஓர் ஏற்றமே. குறுக்கிலுள்ள தட்டுதான் நிலைக்கால். முன்னே நீட்டிய கையில் மூட்டை. பின்னே முதுகுத் தசை. அந்தத் தசை தட்டின் மத்தியிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்திலேயே இருக்கின்றது. மூட்டையோ முன்னே 50 சென்டிமீட்டர் தள்ளியிருப்பின், அதைத் தாங்குவதற்குத் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டும். அதாவது 50 கிலோ மூட்டைக்குத் தசையின் இழுப்பு மட்டும் 500 கிலோ. அதன்மேல் மூட்டையின் எடையும் தம் உடலின் மேற்பாகத்து எடையும் சேர்ந்து தட்டை அழுத்தும். அதே மூட்டையை வயிற்றோடு அணைத்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால் 200 கிலோ இழுப்பே போதும். இது உத்தேசக் கணக்குத்தான். ஆளுக்கு ஆள் சிறிது மாறும். எனினும், பாரத்தைக் காட்டிலும் பாரம் இருக்கும் தூரமே அதிகக் கேடு செய்யக்கூடியது என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற் சுகாதார ஆராய்ச்சி ஸ்தாபனம் 1981-ஆம் வருஷத்தில், தட்டின்மீது ஏறும் அழுத்தம் 350 கிலோவைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டுமென்று எல்லை வகுத்தது. 1991-ல் திருத்தியமைத்த முறையின்படி, சரக்கு உடலுக்கு அருகிலும், முழங்காலுக்கு மேற்பட்ட சௌகரியமான உயரத்திலும், நல்ல பிடிப்புடனும், உடலைத் திருப்பாமலும் இருந்தால்கூடத் தூக்கத்தக்க எடை 23 கிலோவே. நமது மண்டிகளில் ஜவ்வரிசி மூட்டையின் வழக்கமான அளவு 90 கிலோ என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு தடவை தூக்கியதால் தட்டு கெட்டுவிடுவதில்லை. தென்ஜில்லாக் கிராமங்களில் இளவட்டக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்த வாலிபர்கள் அநேகர் கிழவராகும் வரை நிமிர்ந்தே நடந்தார்கள். அது திருவிழா நாளில் ஒரு தடவை; மூட்டை வேலையோ ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. வயது வந்தவர்களின் தட்டுக்கு நேரே இரத்த ஓட்டம் கிடையாது. சுற்றுப்புறத்திலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு ஆகாரம். ஆதலால் தசையில் ஏற்பட்ட சுளுக்குச் சில நாட்களில் ஆறுவதுபோல் தட்டின் நார் அறுந்தது விரைவில் ஆறுவதில்லை. நாரொன்று அறுந்து, மற்றொன்று அறுந்து, ஒரு நாள் சாதாரணமான ஒரு தூக்கலில் கூழ் பின்புறமாகப் பிதுங்கி நரம்பை அழுத்துகின்றது. அப்பொழுதுதான் இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரையில் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலி தோன்றும். அன்றைய மூட்டையின்மேல் பழி போடுவது வழக்கம். உண்மையில் அது பல வருஷத்து மூட்டைகளின் சேர்ந்த கணக்கு.

விடியற்காலை வேலையைப் பற்றி இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்துவிடுகின்றன. பகல் முழுவதும் நின்று நடப்பதால் அந்நீர் வெளியேறி மனிதனின் உயரம் நூற்றில் ஒரு பங்கு அளவு குறைகின்றது. அதில் ஏறக்குறையப் பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். ஆகவே எழுந்தவுடன் தட்டுகள் விறைப்பாக இருக்கின்றன. அவ்வேளையில் நன்றாகக் குனிந்தால் அவற்றுக்கு உண்டாகும் சிரமம் பின்னேரத்தைவிடப் பன்மடங்கு. லாரியோ பெரும்பாலும் விடிவதற்கு முன்பே வந்து நிற்கின்றது! வண்டிக்காரரைச் சிறிது காத்திருக்கச் சொல்லிவிட்டு, முதல் அரை மணி ஒரு மணி நேரம் நடப்பது, சாக்கு எடுத்து வைப்பது, வாய் தைப்பது, எடை பார்ப்பது போன்ற நின்று செய்யும் வேலைகளைக் கொடுத்து, அதன் பிறகு மூட்டையைத் தொடச் செய்தல் நலம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

தலைச்சுமையும் சுமைதாங்கியும்

தலையில் சுமப்பது தீங்கென்று பலர் எண்ணுகிறார்கள். இதில் பாதியே உண்மை. தலையின்மீது நேராக நிற்கும் பாரம் முதுகெலும்பின் மேலேயே நிற்பதால், மேலே சொன்ன ஏற்றக் கணக்கு அங்கே மிகச் சிறிதாகிவிடுகின்றது. கென்யா தேசத்துப் பெண்களைக் கொண்டு செய்து 1986-ல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சியில், பழக்கமுள்ளவர்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரையில் அதிக சிரமமின்றியே தலையில் சுமக்கிறார்கள் என்றும், அதற்கு மேற்பட்டால் சிரமம் ஏறிக்கொண்டே போகின்றது என்றும் கண்டார்கள். 50 கிலோ எடையுள்ள ஒரு ஸ்திரீக்கு இந்த அளவு 10 கிலோ. நமது பண்ணைகளில் எருக்கூடை அனேகமாக இதைப்போல் இரண்டு பங்குக்கும் மேலிருக்கும். அவ்வாறு மிகுந்த பாரம் வருஷக்கணக்கில் தலையிலிருந்தால் கழுத்தெலும்புகள் காலத்திற்கு முன்பே தேய்கின்றன. கை மரத்துப் போவதும், பிடரி வலியும், தலை திருப்ப முடியாமையும் இதன் குறிகள். சும்மாடு பாரத்தைத் தலையில் பரப்பி வழுக்காமல் நிறுத்துமேயன்றிக் கழுத்தின் பாரத்தைக் குறைக்காது.

ஆயினும் தலைச்சுமைக்காரரின் குறுக்கு கெடுவது நடக்கும்போதன்று; தரையிலிருந்து தலைக்கு ஏற்றும்போதும் தலையிலிருந்து தரைக்கு இறக்கும்போதுமே. இருவர் குனிந்து தூக்கிவிட மூன்றாமவர் சுமப்பது மண்டி வழக்கம். சுமப்பவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம். தூக்கிவிடுகிற இருவர்தாம் அதிக அபாயத்தில் இருப்பவர்கள்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களே சாட்சி. நிறுத்திய இரண்டு கற்களின்மேல் ஒரு பலகைக் கல். உயரம் ஓர் ஆளின் மார்பளவு அல்லது தோளளவு. பிரசவத்தில் மாண்ட கர்ப்பிணிகளின் நினைவாக உறவினர் அவற்றை நாட்டினார்கள். வழிப்போக்கன் குனியாமலே சுமையை அதன்மீது சரித்து, இளைப்பாறி, பிறர் உதவியின்றியே மறுபடியும் தலைக்கு எடுத்துக்கொள்வான். பாரத்தைத் தரைக்கு இறங்க விடாதே என்னும் இந்த ஒரே தத்துவத்தைத்தான் தற்கால ஆராய்ச்சியாளர் எண்களால் சொல்கிறார்கள். சுமைதாங்கி சாலையோடு நின்றுவிட்டது, களத்திற்குள் வரவில்லை.

களத்திற்குள் கொண்டுவருவது கடினமன்று. களத்தின் ஓர் ஓரத்தில் இரண்டரை அடி உயரத்திற்குக் கல்லும் மண்ணும் கொண்டு ஒரு மேடை கட்டி, மேலே பலகைக் கல்லோ சிமெண்டுப் பூச்சோ போட்டுக்கொண்டால் போதும். சாக்கை அதன்மீது வைத்தே நிரப்பவும், தைக்கவும், எடை போடவும் வேண்டும். மூட்டை பிறந்தது முதலே இடுப்புயரத்தில் இருக்குமாதலால், சுமப்பவர் முதுகைக் கொடுத்து வாங்கிக்கொள்வார். குனிந்து தூக்கிவிட ஆள் வேண்டியதில்லை. வண்டி ஏற்றுவதற்குத் தனியே ஒரு கரை வேண்டும். உங்கள் டிரெய்லரின் தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அவ்வுயரத்திற்கே அதை எழுப்புக. ஒரு பக்கத்தில் அடிக்குப் பத்து அடி வீதம் சரிவு விட்டால் இரப்பர்ச் சக்கரக் கைவண்டி அதன்மேல் தடையின்றி ஏறும். இரண்டரை அடிக் கரைக்கு இருபத்தைந்து அடிச் சரிவு. ஒற்றைப் பலகையைச் சாய்த்து அதில் மூட்டையோடு ஏறுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். பலகையில் மழைக்காலத்தில் கால் வழுக்கியதால் முழங்கால் போனவர்களை எல்லா ஊரிலும் காணலாம். கிணறு வெட்டிய கல்லும் மண்ணும் அநேகத் தோட்டங்களில் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

மூட்டையின் அளவு

மேடையைக் காட்டிலும் முக்கியமானது மூட்டையின் எடை. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் செய்த சிபாரிசின்படி, வயது வந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்பட்டிருக்கும் இடங்களில் அதைக் கூடிய சீக்கிரம் அவ்வளவுக்குக் குறைக்க வேண்டும்; பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இதனினும் மிகக் குறைவாயிருத்தல் வேண்டும். 55 என்பது சௌகரியமான அளவென்று எண்ணிவிடக்கூடாது. அதுவே உச்ச வரம்பு.

சிறு மூட்டை வியாபாரத்திற்கு ஒத்துவராது என்று வாதிப்போர் பிலிக்கல்பாளையம் மண்டிக்குச் சென்று பார்க்கட்டும். அங்கே வெல்லம் 30 கிலோச் சிப்பமாகவே வருகின்றது. 30 கிலோச் சிப்பத்திற்கே விலை கூறப்படுகின்றது. வெல்ல வியாபாரம் அதனால் நின்றுவிடவில்லை. அரசாங்கக் கிடங்குகளில் முன்பு 100 கிலோ அளவில் இருந்த தானிய மூட்டை 50 கிலோவாகியது. யூரியா மூட்டை 2018 முதல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது; உரத்தைச் சிக்கனமாகப் போடவேண்டுமென்ற நோக்கத்தினால் செய்யப்பட்டதேயாயினும், முதுகுகளுக்கும் அந்த அளவு இலாபந்தான்.

ஜவ்வரிசியையும் மாவையும் 90 கிலோ மூட்டைக்கு விலை பேசுவது சேலத்து வழக்கம். அவ்வழக்கம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். விலை சொல்லும் மூட்டை வேறு, தூக்கும் மூட்டை வேறாக இருப்பதில் தடையென்ன? 45 கிலோவாக இரண்டு பை கட்டி இரண்டையும் ஒரு மூட்டையென்று கணக்கெழுதலாம்.

உண்மையான தடை கூலியில் இருக்கின்றது. இதை ஒளிக்காமல் பேசுவது நல்லது. ஏற்றுக் கூலியும் இறக்குக் கூலியும் மூட்டைக்கு இவ்வளவென்று பேசப்படுகின்றன. பையைப் பாதியாக்கியவுடன் கூலியைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க முதலாளி முயலுவார்; பழைய மூட்டைக் கூலியே ஒவ்வொரு பைக்கும் வேண்டுமென்று தொழிலாளர் கேட்பார். இருவரும் சண்டையிட்டுக் கடைசியில் பெரிய மூட்டையே நிலைத்துவிடும். பெரிய மூட்டை தூக்க முடிந்தவன்தான் ஆண்பிள்ளை என்ற பெருமையும் அதற்குத் துணை நிற்கின்றது. கூலியைப் பைக்கு என்று பேசாமல் குவிண்டாலுக்கு என்று பேசுவதே இதற்கு வழி. அப்பொழுது பை எவ்வளவு சிறிதாயினும் இரு தரப்பாருக்கும் நஷ்டமில்லை. நடை இரட்டிக்கும், நேரமும் சாக்குச் செலவும் சிறிது கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. நடைக்குக் கைவண்டி பதில் சொல்லும். மற்றச் செலவைச் சரக்குக்காரரே ஏற்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

எருவும் கிழங்கும்

பண்ணைக்குள்ளேயே செய்யும் வேலைகளில் எரு சுமத்தல் முதன்மையானது. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடும்படி நாம் சொல்லுகிறோம். 25 கிலோ பிடிக்கும் கூடையானால் அது 200 கூடை. அநேகமாகப் பெண்களே இதைச் சுமக்கிறார்கள். எருவை வரப்பில் ஒரே குவியலாகக் கொட்டினால், சதுரமான ஏக்கர் ஒன்றின் பக்கம் ஏறக்குறைய 64 மீட்டராதலால், கடைக்கோடிக் கூடைகள் அவ்வளவு தூரமும் சுமையோடு போகவேண்டும். நிலம் காய்ந்திருக்கும்போதே வண்டியை வயலுக்குள் ஓட்டி, 14 மீட்டருக்கு ஒன்றாக 20 சிறு குவியல்களாக இறக்கிவிட்டால், எந்த இடமும் ஒரு குவியலிலிருந்து 10 மீட்டருக்குள் இருக்கும். பெரும்பகுதியை மண்வெட்டியாலேயே இறைத்துவிடலாம். மீதத்திற்குச் சிறு கூடை போதும். உழவுக்கு ஒரு வாரம் முன்பே யோசனை செய்து வைத்தால் ஆகிற காரியம் இது.

மரவள்ளியில் கஷ்டம் இருவிதம். முதலாவது பிடுங்குதல். ஈரமில்லாத செம்மண்ணில் குனிந்து நின்று தண்டைப் பிடித்து இழுப்பது, முதுகு முழுதும் வளைந்த நிலையில் முழுப் பலத்தையும் செலுத்துவதாகும். சட்டென்று செடி விடுபடும்போது உடல் குலுங்குகின்றது. நீர்வசதியுள்ளவர்கள் அறுவடைக்கு முன் ஓர் இலேசான பாய்ச்சல் கொடுத்து மண்ணை இளக்கிவிடுவது நல்லது. தண்டைக் கவ்விப் பிடிக்கும் நெம்புகோல் கருவியைக் கொண்டு நின்றபடியே கிளப்புவது அதனினும் நன்று. ஊர்க் கொல்லரே செய்யக்கூடிய எளிய சாதனம் அது. இரண்டாவது ஏற்றுதல். ஏக்கருக்கு 12 டன் கிழங்கு விளைந்ததாக வைத்துக்கொண்டால், 40 கிலோச் சாக்கில் அது 300 சாக்கு. வண்டி வயலுக்கருகே வரும்படி ஒரு பாதையை நடவின்போதே விட்டு வைத்தால், இந்த முந்நூறு சாக்கும் வரப்பேறி வாய்க்கால் தாண்டும் அவசியமில்லை.

வலி வந்த பின்

குறுக்குப் பிடித்துக்கொண்டவுடன் பாயில் படுத்துவிடுவது பழைய யோசனை. நாட்கணக்கில் அசையாது படுப்பதால் தசை தளர்ந்து வலி நீடிக்கின்றது என்பது தற்கால வைத்தியர் கொள்கை. பாரம் தூக்குவதை நிறுத்தி, இரண்டொரு நாள் இளைப்பாறி, பிறகு மெல்ல நடமாடுவதே உசிதம். அநேகருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடத்தினால் கெடுதலில்லை. சுளுக்கு எடுப்பவரிடம் போவதானால், வெறும் தசைப் பிடிப்பிற்கு மட்டும் போகலாம். கால் மரத்துப் போயிருக்கும்போது முதுகை மிதிப்பதும் முறுக்குவதும் விபரீதத்தில் முடியும்.

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடியும் மூட்டைக்குப் போகும் வழக்கம் பரவியிருக்கின்றது. இதை நான் கடுமையாகவே கண்டிப்பேன். வலி என்பது நிறுத்தச் சொல்லும் குரல். அதை அடக்கிவிட்டுத் தூக்கினால் அறுந்த நார் மேலும் அறும். அன்றியும் அம்மாத்திரைகள் நாட்பட வயிற்றில் புண்ணையும் மூத்திரக் கோளங்களுக்குச் சேதத்தையும் உண்டாக்குகின்றன. வெயிலில் வியர்த்து நீர் குடியாமல் வேலை செய்பவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

சில குறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. கால் பலமிழந்து பாதம் தொங்குதல், இரு தொடைகளின் நடுவிடம் மரத்துப் போதல், சிறுநீர் வராமை அல்லது மலஜலம் தன் வசமின்றிப் போதல் ஆகிய இவை நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ அன்றே கொண்டுபோக வேண்டும். அடுத்த சந்தை நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், அறுவை சிகிச்சை செய்தும் கால் திரும்பாமற் போகலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

அளவுக்கு மிஞ்சிய பாரத்தை எவரையும் தூக்கச் செய்யலாகாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 34-ஆவது பிரிவில் கூறியது. ஆனால் அது தொழிற்சாலைச் சுவருக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. களத்திற்கும் தோட்டத்திற்கும் எட்டவில்லை. கேரளத்தில் தலைச்சுமைத் தொழிலாளருக்கென்றே 1978-ல் தனிச் சட்டம் செய்தார்கள். நமது மாகாணத்தில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-ல் இயற்றப்பட்டது. அதன் கீழ் நல வாரியமும் அமைந்துள்ளது. ஏற்றுதல் இறக்குதல் தொழில் செய்வோர் அதில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தவருக்கு விபத்து, முடம், மரணம் முதலியவற்றிற்கு உதவித் தொகை உண்டு. பதியாதவர் ஒருவர் மூட்டையடியில் விழுந்துவிட்டால், அப்பொழுது ஓடியாடிப் பதிவது உதவாது. ஆகையால் தொழில் அத்தாட்சி கேட்டு வருபவரை நாளைக்கு வா என்று திருப்பியனுப்பாமல், அறுவடைக் காலம் தொடங்குமுன்னர், ஊரில் மூட்டை தூக்கும் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரித்துப் பதிவு செய்வித்தல் கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் செய்யத்தக்க காரியமாகும். பொதுக் களங்களைச் செப்பனிடும் திட்டம் எழுதும்போது, காய வைக்கும் தளத்தோடு ஏற்றுகரை ஒன்றையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்க. உயரத்தை மட்டும் உத்தேசமாக எழுதாமல், அவ்வூரில் ஓடும் டிரெய்லர்கள் இரண்டு மூன்றை நிறுத்தி அளந்து எழுதுவது அவசியம்.